ஆள் தேவைப்படாத தோட்டம்

ஏரம்பர் கெட்டிக்காரர். அவரைக் கெடுத்ததே அந்தக் கெட்டித்தனம்தான். கொஞ்சம் மொக்கனாய்ப் பிறந்திருந்தால், பென்சன் வரும்வரைக்கும் அந்தப் பங்களா வளவிலேயே கிடந்திருக்கலாம். மனுசனுக்கு ஒரு வேலையை அரைகுறையாய்ச் செய்யத் தெரியாது. பிறவிக்குணம், யார் என்ன செய்ய முடியும்?

சம்பளப் பதிவில் அவர் பெயர் ஏரம்பு. மற்றபடி எல்லாருக்கும் ஏரம்பர்தான். ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். தகப்பன் வேலி அடைக்கப் போகிறவர். மகனும் பத்து வயதிலேயே கதியால் தூக்கத் தொடங்கிவிட்டார். கதியால் என்றால் வேறொன்றுமில்லை, நட்டால் வேர்விட்டு மரமாகிற கம்பு. அதை வரிசையாய் நட்டு உயிர்வேலி ஆக்குவது. நாற்பத்தாறாம் ஆண்டு, முப்பது வயதில், கமலாசனியைக் கைப்பிடித்த கையோடு வன்னிக்கு வந்தார். மாங்குளத்திலிருந்து துணுக்காய்க்குப் போகிற வழியில், குளக்கட்டுக்குக் கீழே இருந்த அரசாங்கப் பங்களாவில் தோட்டக்காரன் வேலை. எந்தக் கந்தோருக்கு, எந்த அலுவலகத்துக்குச் சொந்தமான பங்களா என்பது நமக்கெதற்கு? பெரிய ஆட்கள் குளம் பார்க்க வந்தால் தங்குகிற இடம். மாதத்தில் நாலு நாள் ஆளிருக்கும். பங்களா பார்க்கிற அப்புத்துரையும் அந்த நாலு நாளுக்குத்தான் வருவான். மிச்ச நாளெல்லாம் ஏரம்பரும் கமலாசனியும் குரங்குகளும்தான்.

அந்தத் தோட்டம் வன்னியில் இருக்கவேண்டிய தோட்டமே அல்ல. எப்போதோ இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்குத் தன் ஊர் நினைவு வந்திருக்கிறது. அரை ஏக்கர் நிலத்தைச் செடிவேலிகளால் பிரித்து நாலு அறைகளாக்கிவிட்டார். கூரையில்லாத அறைகள். ஆள் உயரத்துக்கு வேலிதான் சுவர். நடுவில் விட்ட இடைவெளிதான் வாசல். முதல் அறை ரோசாவுக்கு. இரண்டாவது துரைசாணி இருந்து தேத்தண்ணி குடிக்க. மூன்றாவதில் ஒரு கல்தொட்டி. நாலாவது பின்பக்கம், ஏரம்பரின் குடிசையை ஒட்டி இருந்தது. அதற்குள் என்ன வைப்பதென்று துரைக்கே தெரியவில்லைப் போலும். புல்லை வைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். வேலிக்கு வைத்ததோ பெயர்கூட வாயில் நுழையாத சீமைச் செடி. இரண்டு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் முகத்தைச் சுளிக்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கத்தரிக்காவிட்டால் பரட்டைத்தலை ஆகிவிடும். இதற்கென்று ஏரம்பருக்குக் கீழே, ஊரிலிருந்து வந்துபோகிற மூன்று கூலியாட்கள், துலாவில் கயிறு கட்டி இறைக்கிற ஒரு துலாக்கிணறு.

ஐம்பத்திரண்டு மார்கழியில் அவர்களுடைய ஒரே பிள்ளை விமலேஸ்வரி காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டரை வயது. அந்தக் கிழமை குளம் நிரம்பி வான் பாய்ந்து, ரோட்டு மதகு உடைந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவும் வழியில்லை; மூச்சு நின்றபிறகு சுடலைக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. சின்னப்பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைக்கத்தான் வேண்டும். எங்கே புதைப்பது? பார்த்த இடமெல்லாம் வெள்ளம். மேடாய் இருந்தது பங்களா வளவு ஒன்றுதான். நாலாவது அறையில் ஏரம்பர் குழி வெட்டத் தொடங்கினார். இரண்டு வெட்டுக்கு மேல் கை ஓடவில்லை. முத்தலிப் நானாதான் மண்வெட்டியை வாங்கி மிச்சத்தை வெட்டினார். அவர் முல்லைத்தீவிலிருந்து மாட்டுவண்டியில் கருவாடு கொண்டு திரிகிற வியாபாரி. வெள்ளத்தில் அகப்பட்டு இரண்டு நாளாய் அவர்களோடு தங்கியிருந்தார்.

இந்த மூன்று பேரைத் தவிர அது ஒருவருக்கும் தெரியாது. பெரிய ஆட்கள் வந்து சாப்பிட்டுப் படுக்கிற பங்களா. வளவுக்குள் பிரேதம் புதைத்திருக்கிறதென்று தெரிந்தால் சும்மா விடுவார்களா? தோண்டி எடு என்பார்கள். ஏரம்பர் மேட்டை மட்டமாக்கி, மேலே புல்லை ஒட்டிவிட்டார். கேட்டவர்களுக்குச் சுடலை என்றார்.

சின்னப்பிள்ளைக்குத் திவசமும் கிடையாது. ஐயரைக் கூப்பிட்டு, படைத்து, பெயரைச் சொல்லி அழுவதற்கு ஆண்டில் ஒரு நாள்கூட இல்லை. கமலாசனிக்கு இருந்ததெல்லாம் அந்த இடம் மட்டும்தான். விடிந்ததும் ஈர்க்கு விளக்குமாற்றோடு அந்த அறைக்குள் போவாள். ஒரு சருகு விடாமல் கூட்டுவாள். பிறகு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து புல்லுக்குத் தெளிப்பாள். வளவு கூட்டித் தண்ணீர் தெளிப்பது எல்லாப் பெண்களும் செய்வதுதானே. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. எட்டு வருடமாய்க் கூட்டினாள், தெளித்தாள். அது இருந்தபடியால்தான் அவள் எழும்பி நடமாடினாள் என்று ஏரம்பருக்கு நன்றாகத் தெரியும்.

அறுபதாம் ஆண்டு ஆடியில் தில்லைநாதன் எஞ்சினியர் மாற்றலாகி வந்தார். கெட்ட மனுசன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பாட்டுக்கு அவரைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள். இளம் ஆள். ஒரு கூலியாளைக்கூட ‘டேய்’ என்று கூப்பிட்டதில்லை. வீண்வேலை கண்ணில் பட்டால் மட்டும் பொறுக்காது. வந்த இரண்டாம் நாளே ஏரம்பரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்தார்.

“ஏரம்பு, மாசத்தில நாலு நாள் வாற ஆக்களுக்கு இவ்வளவு சோடினை ஏன்? விடிஞ்சால் பொழுதுபட்டால் நாலு பேர் நிண்டு தண்ணி இறைக்கிறியள். அங்க வாய்க்கால் துப்புரவாக்க ஆளில்லை.”

“ஓம் ஐயா.”

“இந்த வேலியள் முழுக்கப் பிடுங்கி எறிஞ்சிட்டு வெட்டையாய் விடப்போறன். பின்பக்கத்தில அத்திவாரம் வெட்டி, ஜீப் நிப்பாட்ட ஒரு கராஜ் கட்டலாம்.”

பின்பக்கம். அத்திவாரம். எஞ்சினியர் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டு நடந்தார். இவருக்கு ஒன்றும் ஏறவில்லை. நாலு முழம் ஆழத்துக்கு வெட்டுவார்கள். நாலு முழம்கூட வேண்டாம், மூன்று போதும்.

“ஐயா, பிடுங்காதேங்கோ!” என்றார். தன் சத்தம் கூடிவிட்டது அவருக்கே தெரிந்தது. “ஐயாவுக்கு ஆள்தானே பிரச்சினை? அறையள் நாலும் இப்பிடியே நிக்கட்டும். தண்ணி ஊத்தாமல், வெட்டாமல், கூட்டாமல், தன்ரபாட்டில நிக்கிற மாதிரி நான் வச்சுத் தாறன்.”

“தண்ணி ஊத்தாமலோ? வன்னிக் கோடையிலயோ?”

“ஓம் ஐயா. ஒருதரும் தேவையில்லை.”

அந்தக் கடைசிச் சொல்லை ஏன் சொன்னார்? கேட்டது யார்? தண்ணீர் குறையும், ஆள் குறையும் என்று நிறுத்தியிருக்கலாமே! பிள்ளையைக் காப்பாற்றுகிற அவசரத்தில் வாய் முந்திவிட்டது.

எஞ்சினியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. இந்த மாரி வைக்கிறதுக்கு, வாற கோடை பாக்கிறதுக்கு. அடுத்த புரட்டாசியில வந்து பாப்பன். நிண்டால் அறையள் நிக்கட்டும். செத்தால் கராஜ். கள்ள வேலை கூடாது, விளங்குதோ? சித்திரை பிறந்ததும் தோட்டக்கிணத்துத் துலாக்கயிறு என்ர கைக்கு வரவேணும். குடிக்கிற தண்ணிக்குக் குசினிக் கிணறு இருக்கு.”

அன்றைக்குத் தொடங்கிய ஓட்டம். ஆவணி வெயிலில் காடுகரை எல்லாம் ஏறி இறங்கினார் ஏரம்பர். மழை நின்று மாதக்கணக்கு. இன்னும் பச்சையாய் நிற்பது எது? ஆடுமாடு வாய் வைக்காமல் விட்டது எது? வெட்டாமல் விட்டாலும் அடக்கமாய் நிற்பது எது? உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கிற மாதிரி ஒவ்வொரு செடியையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார். பொன்னாவரை பார்க்க நல்ல வடிவு. ஆனால் காற்றுக்கு முறியும், வேண்டாம். நொச்சி நல்லது, ஆனால் வருடத்துக்கு இரண்டுமுறை வெட்டவேண்டும், வேண்டாம். பற்றைகளுக்குள் கையை விட்டு, சருகை விலக்கி, அடிமண்ணைப் பிசைந்து பார்த்தார். வெளியே மண் ஓடாய் வெடித்துக் கிடக்க, சருகு மூடின இடத்தில் விரலுக்குக் குளிர்ந்தது. அங்கேதான் அவருக்கு வழி பிடிபட்டது.

ஒரு பின்னேரம் குடிசை நிலத்தில் கரிக்கட்டியால் நாலு சதுரம் கீறிக் கமலாசனியைக் கூப்பிட்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கவலையில் தொடங்கின வேலைதான், ஆனாலும் வேலை வேலைதானே, இழுத்துக்கொண்டு போய்விட்டது.

“இஞ்ச பார், வெளிவேலி சுத்திவரக் கிளுவை. சாணுக்கு ஒரு கதியால். முள்ளும் இருக்கு, கோடையில இலையைக் கொட்டினாலும் உயிர் போகாது. உள்வேலிக்கு ஆடாதோடை. ஆடு கிட்டவும் வராது, ஆள் உயரத்துக்கு மேல போகவும் மாட்டுது. முதலாம் அறைக்கு அலரி. கீழ புல்லு வேண்டாம், கிரவலைப் பரப்பிவிட்டாச் சரி. ரெண்டாவதில வேம்பு. கல்தொட்டிக்குள்ள மண்ணைப் போட்டுக் கற்றாழை.”

“எங்கட அறைக்கு?”

“நடுவில நந்தியாவட்டை. சுத்திவரப் பட்டிப்பூ. பட்டிப்பூ கல்லிலயும் முளைக்கும், வருசம் முழுக்கப் பூக்கும். பிறகு கேள், நிலம் முழுக்கச் சருகு போடவேணும், ஒரு சாண் தடிப்புக்கு. அதுதான் போர்வை. ஈரம் காயாது, களையும் வராது. ஒருதரும் கூட்டக் கூடாது.”

கமலாசனி அந்த நாலாவது சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மல்லிகை ஒண்டு வையுங்கோவன். பிள்ளைக்கு மல்லிகை எண்டால் உயிர். என்ர கொண்டையில இருந்து இழுத்து இழுத்துப் பிய்ப்பாள்.”

“மல்லிகை தண்ணி கேக்கும்.”

“நான் ஊத்துறன்.”

“ஊத்தக் கூடாதெண்டுதானே இவ்வளவு பாடும்?”

“கூட்டவும் கூடாது, ஊத்தவும் கூடாது. அப்ப நான் அங்க என்னத்துக்குப் போறது?”

ஏரம்பர் கரிக்கட்டியைக் கீழே வைத்தார். “பிள்ளை அந்த இடத்தில கிடக்கவேணுமெண்டால் இதுதான் வழி, கமலம்” என்றார். அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

ஐப்பசி முதல் மழைக்கு ஏரம்பர் எல்லாம் ஆயத்தமாய் வைத்திருந்தார். காட்டிலிருந்து வெட்டிய கதியால்களை நிழலில் ஒரு கிழமை போட்டு, மழை விழுந்த அன்றே நடத் தொடங்கினார். சீமைச் செடிகளைப் பிடுங்கும்போது நாலாவது அறைக்குள் கூலியாட்களை விடவில்லை. அங்கே தானே முழங்காலில் இருந்து கையால் கிளறினார். பதினெட்டு வண்டி சருகு காட்டிலிருந்து வந்தது. கமலாசனி கடைசிமுறையாய் அந்த அறையைக் கூட்டினாள். அவள் வெளியே வந்ததும் ஏரம்பர் உள்ளே போய்ச் சருகைக் கொட்டினார். எட்டு வருடம் ஒரு இலை விழவிடாத நிலம்.

மாரி நல்ல மாரி. கிளுவை துளிர்த்தது, ஆடாதோடை மளமளவென்று வந்தது. சித்திரை பிறந்ததும் ஏரம்பர் சொன்ன சொல் தவறாமல் துலாக்கயிற்றை அவிழ்த்துக் கொண்டுபோய் எஞ்சினியரிடம் கொடுத்தார். பிறகு வந்தது கோடை. வன்னிக் கோடையைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லி விளக்க முடியாது. கச்சான் காற்று பகல் முழுக்க அடுப்பு ஊதுவதுபோல் ஊதியது. குளம் கலங்கிச் சேறாய்க் கிடந்தது. வைகாசி கடைசியில் நாலாவது அறை நந்தியாவட்டை இலை தொங்கிவிட்டது. மற்றதெல்லாம் நின்றது. அது ஒன்றுதான் தொங்கியது.

ஒரு நாள் மத்தியானம் ஏரம்பர் அந்தப் பக்கம் போனபோது, கமலாசனி சருகை விலக்கி, அரிசி கழுவின தண்ணீரைச் சட்டியிலிருந்து நந்தியாவட்டை அடியில் வார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கென்ன விசரோ!” சட்டியைப் பறித்துத் தூர எறிந்தார். “கோதாரி விழுந்தவளே, நீ தண்ணி காட்டினால் வேர் மேல வரும். மேல வந்த வேர் ரெண்டு நாளில கருகும். செத்துதெண்டால் கராஜ்! உன்ர கையால பிள்ளையைத் தோண்டிக் குடுக்கப்போறியோ?”

வாழ்நாளில் அவளை அப்படி ஏசினதில்லை. அவள் அழவுமில்லை. “அரிசி கழுவின தண்ணிதானே” என்று மட்டும் சொன்னாள். ஈரமாயிருந்த கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த அறை வாசலில் நிற்பாளே தவிர உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. ஏரம்பர் போய் ஒரு சமாதானம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆண்பிள்ளை அல்லவா, வாய் திறக்குமா?

ஆனி நடுவில் நந்தியாவட்டை வேர் கீழே பிடித்துவிட்டது. தொங்கின இலை தூக்கியது. ஆவணியில் பூத்தது.

புரட்டாசியில் எஞ்சினியர் வந்தார். ரோட்டோரம் எருக்கலைகூட வதங்கிக் கிடக்க, வேலிக்குள்ளே அலரி சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூத்துக் குலுங்கியது. ஒவ்வொரு அறையாய்ப் போனார். சப்பாத்துக் காலால் சருகைக் கிண்டி, குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்! ஏரம்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீர் பெரிய ஆள் ஏரம்பு. பேராதனையில படிச்சவன் செய்யமாட்டான் இந்த வேலை. அறையள் நிக்கட்டும். கராஜை வாசல் பக்கம் கட்டுவம்.”

ஏரம்பர் குடிசைக்கு ஓடினார். நாற்பத்தைந்து வயது மனுசன், சின்னப் பெடியன் மாதிரி ஓடினார். “கமலம்! அறை தப்பிட்டுது!” என்றார். அவள் அடுப்படியில் இருந்தவள், அப்படியே அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு பேரும் அழுதார்கள். அன்றைக்கு அவள் பாயாசம் வைத்தாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. எஞ்சினியர் கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் தானே கொண்டுவந்தார். நல்ல செய்தியை நேரில் சொல்லவேண்டும் என்ற ஆசை. கூலியாட்கள் மூன்று பேரும் வாய்க்கால் வேலைக்கு. தோட்டக்காரன் என்ற உத்தியோகம் இனி இல்லை; பங்களா பார்க்கிற அப்புத்துரை போதும். ஏரம்பருக்குப் பளையில் சாமான்கள் வைக்கிற யார்டில் காவல் வேலை, பென்சனோடு.

“உம்மட ஊருக்குக் கிட்ட எண்டு நான்தான் கதைச்சு எடுத்தனான்” என்றார் எஞ்சினியர். “இந்தக் காட்டுக்குள்ள பதினைஞ்சு வருசம் கிடந்திட்டீர், பாவம்.”

“ஐயா, நான் இஞ்சயே நிக்கிறன். சம்பளத்தைக் குறைச்சாலும் பரவாயில்லை.”

எஞ்சினியர் சிரித்தார். “இஞ்ச உமக்கு என்ன வேலை ஐசே? நீர்தானே சொன்னனீர், ஒருதரும் தேவையில்லையெண்டு.”

சொன்னது சொன்னதுதான். ஏரம்பர் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கிழமை முத்தலிப் நானா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வண்டித் தடியை நிலத்தில் ஊன்றினார். “சொல்லிப்போடும் ஏரம்பர். உள்ளதைச் சொல்லும். நல்ல மனுசன் எண்டுறீர், பிள்ளையெண்டு கேட்டால் இரங்குவான்.”

“இரங்குவான் நானா. இரங்கி, முறையான இடத்தில வைப்பம் எண்டு தோண்டுவான். இரங்கித்தானே இப்ப என்னைப் பளைக்கு அனுப்புறான்.”

நானா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வீட்டுச்சாமானை மாங்குளம் பஸ்ஸடிக்குக் கொண்டுபோக அடுத்த புதன்கிழமை வண்டி கொண்டுவருவதாய்ச் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை வண்டியில் எல்லாம் ஏற்றியாயிற்று. கமலாசனியைக் காணவில்லை. ஏரம்பருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. நாலாவது அறைக்குள், சருகின்மேல், நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் இருந்தாள். மாரிக்கு முந்தின வெயில் அவள் முதுகில் அடித்தது.

“நானா பாத்துக்கொண்டு நிக்கிறார், கமலம்.”

“ஒண்டு கேக்கட்டோ?” திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள். “ஒருதரும் தேவையில்லாத மாதிரி ஏன் வச்சனீங்கள்? எங்களைத் தேடுற மாதிரி ஒரே ஒரு செடி வச்சிருக்கலாமே!”

ஏரம்பர் நின்றார். யாழ்ப்பாணத்து வேலிக்காரன், கதியால் பார்த்துக் காலம் சொல்லுகிறவர், மண்ணைப் பிசைந்து மழை சொல்லுகிறவர். குனிந்து அவளைக் கைகொடுத்துத் தூக்கினார். அவள் சீலையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட வந்த அவர் கையைத் தள்ளிவிட்டு, சருகோடேயே வண்டியில் ஏறினாள்.

பளையில் சின்ன வீடு, தென்னைகள், கால் புதைகிற மணல். அயல் நல்ல அயல். உரும்பிராயிலிருந்து சொந்தங்கள் வந்து பார்த்தார்கள். “காட்டைவிட்டு வந்தியளே, கடவுள் கண் திறந்திட்டார்” என்றார்கள். கமலாசனி ஓம் ஓம் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்தாள். அவர்கள் போனதும் போய்ப் படுத்துவிடுவாள். தைப்பொங்கலுக்கு எழும்பினாள். பிறகு அதுவும் இல்லை. முற்றம் கூட்டாமல் கிடந்தது. அயலில் இருந்த ஜெகதீஸ்வரி என்ற பெண் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தானே வந்து கூட்டினாள். அப்போதிக்கரி வந்து கையைப் பிடித்து, நாக்கைப் பார்த்து, நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, கஞ்சி கொடுங்கள் என்றார். கஞ்சி ஆறிக் கட்டியாகும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். சித்திரை, வைகாசி என்று கோடை ஏற ஏற ஒரு கேள்வி மட்டும் கேட்பாள்: “அங்க எப்பிடிக் கிடக்கோ?” ஏரம்பர் பெருமையாய்ச் சொல்வார்: “ஒண்டுக்கும் பயப்பிடாத. நான் வச்சதெல்லே, நிக்கும்.” அதைக் கேட்டதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அது ஏன் என்று அந்தக் கெட்டிக்காரருக்கு விளங்க, பளைக்கு வந்து பத்து மாதம் பிடித்தது.

ஆவணியில் ஒரு நாள் லீவு போட்டுப் பஸ் ஏறினார். அப்புத்துரை சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டான். “பாருங்கோ ஏரம்பர், நான் ஒரு சொட்டு ஊத்தயில்லை. ஒரு இலை பிடுங்கயில்லை. சும்மா இருக்கிறன்.”

ஏரம்பர் நேரே நாலாவது அறைக்குப் போனார். கிளுவை நெருங்கி நின்றது. நந்தியாவட்டை அவர் இடுப்புக்கு வந்து, வெள்ளையாய்ப் பூத்து நின்றது. பட்டிப்பூ அறை முழுக்கப் பரவிவிட்டது. எது மேடு, எது பள்ளம், பிள்ளை எந்தப் பக்கம் என்று அவருக்கே ஒரு கணம் தெரியவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த வேலைகளிலே அதுதான் ஆகச் சிறந்தது. ஐயோ, ஒரு இலை வாடியிருக்கக் கூடாதா! ஒரே ஒரு கொப்பு காய்ந்திருக்கக் கூடாதா! சருகில் குந்தியிருந்து, முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதார். யாரும் பார்க்க முடியாது. வேலி அவ்வளவு நல்ல வேலி.

வீட்டுக்கு வந்தபோது பின்னேரம் நாலு மணி இருக்கும். கமலாசனி சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தாள்.

“எப்பிடிக் கிடக்கு?”

ஏரம்பர் சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவினார். கதிரையை இழுத்து அவள் தலைமாட்டில் போட்டு இருந்தார்.

“வாடிப்போச்சு, கமலம்.”

அவள் திரும்பினாள்.

“நந்தியாவட்டை இலை எல்லாம் தொங்கிட்டுது. பட்டிப்பூவும் அப்பிடித்தான். நான் நினைச்ச மாதிரி வரயில்லை. என்ர கணக்குப் பிழைச்சுப்போச்சு.”

“நான் அப்பவே சொன்னனான்தானே!” எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதமாய்த் தலைதூக்காத மனுசி. “அப்புத்துரை ஒரு வாளி ஊத்த மாட்டானாமோ?”

“அவன் ஏன் ஊத்துறான்? அதுக்கு உன்னைத் தவிர ஆர் இருக்கினம்?”

கமலாசனி கொண்டையை முடிந்துகொண்டு கட்டிலைவிட்டு இறங்கினாள். கால் தள்ளாடியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். “விடிய முதல் பஸ் எத்தினை மணிக்கு?” என்றாள். பிறகு, “அந்தக் கஞ்சியை எடுங்கோ” என்றாள்.

விடிய பஸ்ஸில் யன்னலோரம் இருந்தாள், மடியில் ஒரு செம்போடு. ஏரம்பர் கிளிநொச்சி வருமுன் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். கிளிநொச்சி போயிற்று. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கித் தேங்காய் உடைத்தார்கள். பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு, இப்போது சொல்லுவோம் என்று வாயைத் திறந்தார். அவள் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு, “பத்து மணிக்கு முதல் போயிடுவமோ? வெயில் ஏறினால் ஊத்தக் கூடாது” என்றாள். “போயிடுவம்” என்றார்.

நாலாவது அறை வாசலில் அவளை முன்னே விட்டு அவர் பின்னே நின்றார். அவள் உள்ளே போனாள். போய் நின்றாள்.

பட்டிப்பூ நிலம் தெரியாமல் பூத்திருந்தது. நந்தியாவட்டை ஒரு இலை பழுக்காமல் நின்றது. அவள் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒரு இலையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். ஏரம்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

“கமலம், நான்...”

“ஓம்” என்றாள் அவள், அவரைப் பாராமலே. “சரியாய்த்தான் வாடிப்போச்சு. பாவம். போய்த் தண்ணி அள்ளிக்கொண்டு வாங்கோ.”

ஏரம்பர் குசினிக் கிணற்றுக்குப் போனார். பின்னால் வந்த அப்புத்துரை ஒன்றும் விளங்காமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நாலு வாளி கொண்டுவந்து வைத்தார். நாலையும் செம்பால் மொண்டு மொண்டு ஊற்றிவிட்டு, இன்னும் ஒன்று கொண்டுவரச் சொன்னாள்.